கிந்தனாரின் ரயில்: வள்ளல் என்னும் பிம்பத்துக்கு அப்பால் கலைவாணர்

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மறைந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறைவடைந்திருக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னும் அவருடைய நினைவு நாளில் எங்கேனும் ஓர் ஊரில் ரசிகர்கள் அவரது படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். அங்கே சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், கையில் இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார், கணக்கைச் சோதிக்க வந்த வருமான வரி அதிகாரியே அவரது ஈகையைக் கண்டு நெகிழ்ந்துபோனார் என அக்கதைகள் நீளும். எங்களுக்கு வழக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அலுவலகத்தின் மூத்த குமாஸ்தா ஒருவர், கட்சிக்காரர்கள் காத்திருக்கும் வேளையில் இந்தக் கதைகளைக் கண் கலங்கச் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. கிருஷ்ணன் உண்மையிலேயே கொடுத்தே தேய்ந்தவர்தாம்.

ஆயினும் ஒரு கலைஞனை வள்ளல் என்று மட்டும் நினைவில் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் அவரவர் இடத்திலேயே இருந்துவிடலாம். யாரும் யாரிடமும் உரிமை கோர வேண்டியதில்லை. கிருஷ்ணன் தம் கலையின் உச்சத்தில் செய்த காரியமோ இதற்கு நேர் எதிரானது. சேரியில் பிறந்த ஒரு சிறுவனை அவர் பள்ளிக்கு அனுப்பினார், அதுவும் யாருடைய கருணையையும் எதிர்பாராமல். அந்தக் கிருஷ்ணனைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று அவர் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். தென்கோடி மாவட்டத்தாருக்கு இவ்விரு பெயர்களும் உடனே விளங்கும். சுடலைமாடனும் இசக்கியும் அம்மண்ணின் நாட்டார் தெய்வங்கள். அவர்களின் கோயில் கொடைகளில்தான் வில்லுப்பாட்டு ஒலிக்கும். கிருஷ்ணன் இளமையில் கற்றுக்கொண்ட முதல் கலையும் வில்லுப்பாட்டே.

நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சாதி எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்ட நிலப்பகுதி அது. மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய தோள்சீலைக் கலகம் நடந்தது இங்கேதான். ஒடுக்கப்பட்ட குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கைக்காக அய்யன்காளி அதே சமஸ்தானத்தில் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கிருஷ்ணன் பிறந்து நடை பயின்றார். பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி வகுப்பறைக்கு அழைத்துச் சென்றதைச் சகிக்காமல் ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்தையே ஆதிக்க சாதியினர் தீயிட்டுக் கொளுத்தினர். ஒரு குழந்தை பெஞ்சில் உட்கார்ந்தால் பள்ளியே தீட்டுப்பட்டுவிடும் என்று கருதிய காலம் அது. நாகர்கோவிலுக்கு மிக அருகிலுள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் தேவைப்பட்டது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது.

கிருஷ்ணன் சேரியில் பிறந்தவர் அல்லர். இதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். சாதியின் இழிவை அவர் தம் உடலில் சுமக்கவில்லை, வறுமையைச் சுமந்தார். தொடக்க வகுப்புகளோடு அவருடைய படிப்பு நின்றுபோனது. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டும் வேலைக்குப் போனார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் பார்த்த நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். வீட்டில் சோறு இல்லாத பிள்ளைகளுக்கு அன்றைய பாய்ஸ் கம்பெனிகளே பள்ளிக்கூடம், விடுதி, தொழிற்கூடம் எல்லாம்.

திரைப்படத்துக்கு அவர் வந்தது 1930களின் நடுப்பகுதியில். எம்.ஜி.ஆரும் டி.எஸ். பாலையாவும் அறிமுகமான 'சதிலீலாவதி'யில் (1936) அவரும் நடித்தார். வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்து மணந்துகொண்டார். அதன்பின் இருவரும் இணைந்து நடித்த நகைச்சுவைக் காட்சிகளுக்காகவே படங்கள் ஓடின. கதைக்கு வெளியே தனியாக எழுதி, தனியாகப் படமெடுத்து, எந்தப் படத்தோடும் இணைத்துக்கொள்ளத்தக்க நகைச்சுவைப் பகுதி என்னும் முறையை நிலைநிறுத்தியவர்களும் இவர்களே. பிறர் எழுதிய வசனத்துக்குக் காத்திராமல், தாம் சொல்ல விரும்பியதைச் சொல்ல இந்த முறை அவருக்கு இடமளித்தது. ஊரில் முதல் மனைவி இருப்பதை மறைத்தே மதுரத்தை மணந்தார் என்பதும் அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவான செய்தி. மறுமலர்ச்சி பேசிய பல ஆண்களின் வீடுகளில் இந்த இருட்டு இருந்தது. ரசிகர்கள் இதையும் ஒரு காதல் கதையாக்கிவிடுகிறார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

அவருடைய நகைச்சுவையின் முதன்மையான உத்தி, எல்லோரும் வணங்கும் ஒரு கதையை எடுத்துத் தலைகீழாக்குவது. பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் திருப்பிப் போட்டு, உண்மையே பேசாத ஒருவனைப் பற்றிப் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'சந்திரஹரி'யில் அவர் நடித்தார். அது வெறும் விளையாட்டு. அதே உத்தியை நந்தனார் கதையின்மீது அவர் திருப்பியபோது அது விளையாட்டாக இருக்கவில்லை.

நந்தன் கதையை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும், 1940களில் அக்கதைக்கு இருந்த செல்வாக்கை நினைவுபடுத்த வேண்டும். பெரியபுராணத்தின் திருநாளைப்போவாரை எடுத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். ஆண்டையின் வயலில் உழைக்கும் நந்தன் சிதம்பரம் செல்ல ஏங்குகிறான். அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறான். நாளை நாளை என்று நாள் கடத்துகிறான். இறுதியில் தில்லையில் நெருப்புக்குள் இறங்கி, தூய உடலோடு வெளிப்பட்டு, இறைவனோடு கலந்துவிடுகிறான். சபாக்களில் கண்ணீர் மல்கக் கேட்கப்பட்ட கதை இது. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் 1935இலும், தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினியின் படம் 1942இலும் வந்தன. அழுதவர்களுள் எத்தனை பேர் தம் தெருவுக்குள் ஒரு நந்தனை நடக்கவிட்டார்கள் என்பது வேறு கேள்வி. சேரியிலிருந்து ஒருவன் மேலேற வேண்டுமானால் அவன் எரிந்து போக வேண்டும். எரிந்தபின் அவனை வணங்கலாம். அந்தக் கதையின் நீதி இதுதான்.

கிருஷ்ணன் அதே கதாகாலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டார். பாகவதர்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட மேடை, பின்பாட்டு, சுருதி, இடையிடையே உரைநடை விளக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. நாயகன் மட்டும் மாறினான். நந்தனாருக்குப் பதில் கிந்தனார். உடுமலை நாராயணகவியின் துணையோடு உருவான இந்தக் 'கிந்தனார்' 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்று இன்றளவும் காணக் கிடைக்கிறது. சேரிச் சிறுவன் கிந்தனின் ஏக்கம் சிதம்பரத்தின்மீது அன்று, படிப்பின்மீது. அவனுக்குத் தடையாக நிற்பது நந்தி அன்று, ஊர். அவன் நெருப்பில் இறங்குவதில்லை, ரயிலில் ஏறுகிறான். பட்டணம் போய்ப் படித்து, பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

அந்த ரயில் பகுதியில் கிருஷ்ணன் சற்று நேரம் தங்குகிறார். சக்கரங்களின் ஓசையை வாயாலேயே எழுப்பி, பெட்டிக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பல சாதி மனிதர்களையும் அந்த வண்டி பேதமில்லாமல் இழுத்துச் செல்வதைப் பாடிக் காட்டுகிறார். பயணச்சீட்டு வாங்கியவன் அமரலாம் என்ற விதி, மனு வகுத்த விதியைவிட எளிமையானது. அதற்குச் சடங்கு எதுவும் தேவையில்லை. அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்றதை அறிந்தவர்களுக்கு, வண்டி என்பது எவ்வளவு அரசியலான பொருள் என்பது புரியும். இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ரயிலை இத்தனை அழகாகப் பாடிய கிருஷ்ணனின் சொந்த ஊருக்கு அவர் வாழ்நாளில் ரயில் வரவில்லை. நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை வந்தது 1979இல்தான்.

'நல்லதம்பி' வெளியான காலத்தையும் கவனிக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்பை அடிப்படை உரிமையாக எழுதிக்கொண்டிருந்த ஆண்டு அது. அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுபுறம், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1950இல் உயர் நீதிமன்றமும் 1951இல் உச்ச நீதிமன்றமும் செல்லாதென்று தீர்ப்பளித்தன. கிந்தன் பட்டணம் போய்க் கல்லூரி வாசலில் நின்றிருந்தால், செண்பகம் துரைராசன் வழக்கின் தீர்ப்பு அவனை வெளியே நிறுத்தியிருக்கக்கூடும். கிளர்ச்சிக்குப் பின்னரே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) என்னும் கதவு திறந்தது. பாட்டில் சில நிமிடங்களில் முடியும் பயணத்துக்கு அரசியல் சட்டத்தில் இவ்வளவு வேலை இருந்தது.

இந்தப் பாட்டிடம் எங்களுக்குச் சில மனத்தாங்கல்களும் உண்டு. கிந்தன் தனியாக ஏறுகிறான், தனியாகத் திரும்புகிறான். அவனுடைய சேரி அவன் திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கதை கேட்பதேயில்லை. கிந்தனுக்காக இன்னொருவர் பாடுகிறார்; கிந்தனே எழுந்து பாடும் மேடை அன்றைய திரையில் இல்லை. ஒருவன் படித்து அதிகாரியாகிவிட்டால் ஊர் மரியாதை கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. உயர் பதவியில் அமர்ந்தபின்னும் நாற்காலியின்றி நின்ற ஊராட்சித் தலைவர்களை நாம் அறிவோம். ஆனால் இந்தக் குறைகளையெல்லாம் அடுக்கிய பின்பும், 1949ஆம் ஆண்டின் வெகுமக்கள் திரையரங்கில், சேரிப் பிள்ளையைப் பார்த்து இரங்கி அழாமல், அவனோடு சேர்ந்து மகிழ்ந்து சிரிக்கச் செய்த கலைஞன் வேறு யார் என்று தேடினால் கிருஷ்ணனின் பெயரே முன்னால் வந்து நிற்கிறது.

இந்தப் படத்தை அவர் சிறையிலிருந்து மீண்டபின்னரே எடுத்தார். நாங்கள் வழக்கறிஞர்கள் என்பதால் இந்தப் பகுதியை விரைந்து கடக்க மனம் வரவில்லை.

திரைத்துறையினரைப் பற்றி அவதூறாக எழுதி வந்த இந்து நேசன் பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சதி செய்ததாக எம்.கே. தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டனர். பாகவதரின் 'ஹரிதாஸ்' அப்போதுதான் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் காணப்போகும் ஓட்டத்தைத் தொடங்கியிருந்தது; அதில் கிருஷ்ணனும் மதுரமும் நடித்திருந்தனர். திரையில் அவர்கள் பாடிக்கொண்டிருக்க, அவர்களோ சிறைக்குள் இருந்தார்கள். ஜூரிகள் முன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம், நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்வரை சென்றது. அங்கிருந்து, மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இம்முறை வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையாயினர். இரண்டரை ஆண்டுச் சிறைவாழ்வு அவர்கள் சேர்த்ததையெல்லாம் கரைத்திருந்தது.

ரசிகர்கள் இதை விதி என்றும் கண்ணேறு என்றும் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நாங்கள் இதைப் படிக்கும்போது காண்பது வேறு. தமிழகமே அறிந்த இரு மனிதர்கள், மாகாணத்தின் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்த வல்லவர்கள், கடல் கடந்து மேல்முறையீடு செய்யும் வசதி படைத்தவர்கள். அவர்களுக்கே தவறான தீர்ப்பிலிருந்து மீள இரண்டரை ஆண்டுகள் ஆயின. அவர்களோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட, திரைக்கு வெளியே இருந்த மற்றவர்களின் பெயர்களை இன்று எந்த ரசிகரும் சொல்வதில்லை. இந்தியச் சிறைகளில் தலித், பழங்குடி மக்களின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம் என்பதை அரசின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. பிணைத்தொகை கட்ட ஆளில்லாமல் விசாரணைக் கைதியாகவே ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர்களைச் சந்திக்க நாங்கள் சிறைவாசலில் நிற்கும்போதெல்லாம் இந்த வழக்கு நினைவுக்கு வருகிறது.

அவர் சிறையிலிருந்த காலத்தில் குடும்பத்தையும் நாடகக் குழுவையும் தாங்கியவர் மதுரம். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபா 'பைத்தியக்காரன்' நாடகத்தை நடத்தியது. அதுவே 1947இல் படமானது. மற்றொருபுறம் கே.ஆர். ராமசாமி தம் குழுவுக்குக் கிருஷ்ணன் நாடக சபா என்றே பெயரிட்டு, அண்ணாவின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' நாடகங்களை மேடையேற்றினார். சிறையில் இருந்த மனிதர் வெளியே இரு மேடைகளாக இருந்தார் எனலாம். பாகவதரால் விடுதலைக்குப் பின் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணன் மீண்டார். அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி', கருணாநிதி எழுத அவரே இயக்கிய 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவை இந்தக் காலத்தின் படங்கள். விஸ்வநாதன், ராமமூர்த்தி என்னும் இரட்டையரின் பெயர் முதன்முதலாக இணைந்து வந்தது 'பணம்' படத்தில்தான்.

திராவிட இயக்கத்தாரின் நெருங்கிய நண்பரான அவரே காந்தியின் மறைவுக்குப்பின் நாகர்கோவிலில் சொந்தச் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். சோவியத் ஒன்றியத்துக்கும் சென்று வந்தார். எந்தக் கட்சியும் அவரை முழுமையாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசப் போனவர், எதிர்த்து நின்ற மருத்துவரை மேடையில் மனமாரப் புகழ்ந்துவிட்டு, இத்தகைய நல்ல மருத்துவர் உங்கள் ஊரிலேயே இருக்கட்டும், அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்ற பொருளில் முடித்தாராம். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இல்லை. கையில் பணமும் இல்லை.

சென்னை தியாகராய நகரில் நிற்கும் அவரது சிலையை 1969 பொங்கலன்று அண்ணா திறந்து வைத்தார். நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. மூன்று வாரங்களில் அவரும் மறைந்தார். கலைவாணர் பெயரிலான அரங்கத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாடு சட்டமன்றமே கூடியது. சிலைகளுக்கும் கட்டடங்களுக்கும் குறைவில்லை. கிந்தனார் காலட்சேபத்தை முழுமையாகக் கேட்ட கல்லூரி மாணவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நாங்கள் சில ஆண்டுகளாக ஒரு குடியிருப்பில் மாலை நேரப் படிப்பகம் நடத்தி வருகிறோம். கடந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சுவரில் வெள்ளைத் துணி கட்டி அந்தக் காட்சியைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினோம். ரயில் புறப்பட்டதும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாயால் சத்தம் எழுப்பி அறையைச் சுற்றி ஓடினார்கள். கிந்தன் பட்டணத்தில் இறங்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. அன்று இரவு அது திரும்பவேயில்லை. மறுநாளிலிருந்து அவன் என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் சொல்லவில்லை. இந்த ஆகஸ்ட் 30க்கு மின்கலத்தில் இயங்கும் ஒளிபெருக்கி ஒன்றை இரவல் கேட்டு வைத்திருக்கிறோம்.